பாம்புப் பிடி வைத்த கிண்ணம்

விதைக்கடலை உடைக்கிற கொட்டகைக்கென்று ஒரு வாசனை உண்டு. காய்ந்த மண்ணும், நொறுங்கிய ஓட்டின் தூசியும், ஓடு இளகுவதற்காகத் தெளித்த தண்ணீரும், பத்துப் பன்னிரண்டு பேருடைய வியர்வையும் ஒன்றாகக் கலந்து தொண்டைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். தொண்ணூறை நெருங்கிவிட்ட இந்த வயதிலும், அரியலூர்க் கடைவீதியில் கடலை மூட்டை பிரித்த இடத்தைத் தாண்டும்போது, வரியைத் தொட்டுப் படிப்பதுபோல என் வலதுகைச் சுட்டுவிரல் தானாக நீண்டுவிடுகிறது. நீண்டதை உடனே மடக்கிக்கொள்வேன். அந்த விரலைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

ஏலாக்குறிச்சிக்குக் கிழக்கே, கொள்ளிடத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் எங்கள் ஊர். யுத்தம் இன்னும் முடியாத ஒரு வருஷத்து வைகாசி, ஆனி மாதங்கள். ஆடியில் விதைப்பதற்காக, ஊரின் பெரிய விவசாயி ஒருவருடைய கொட்டகையில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து கடலை உடைப்பார்கள். அவர்களில் ஒருவருக்கும் எழுத்துத் தெரியாது. எனக்குப் பதினோரு வயது. மாதா கோயில் பள்ளிக்கூடத்து வாத்தியார் மகன். திருச்சியில் ரயில்வேயில் இருந்த என் மாமா எனக்கென்று ஒரு சிறுவர் வாரப் பத்திரிகைக்குச் சந்தா கட்டியிருந்தார். அது வியாழக்கிழமை தபாலில் வரும். சனிக்கிழமை மத்தியானம் நான் அதை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போவேன். அங்கே எனக்கென்று ஒரு சாக்கை மடித்துப் போட்டு வைத்திருப்பார்கள். நான் வாயைத் திறக்கிறவரைக்கும் அத்தனை பேரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அந்தப் பெருமை எனக்குள் எவ்வளவு ஆழமாக இறங்கியிருந்தது என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை.

அந்தப் பத்திரிகையில் ஒரு ராஜகுமாரிக் கதை தொடராக வந்துகொண்டிருந்தது. ராஜா கடல் தாண்டிப் போயிருக்கிறார். மூத்த ராணி செத்துப்போய்விட்டாள். அவள் பெற்ற சின்னஞ்சிறு ராஜகுமாரி இளையராணியின் பொறுப்பில் இருக்கிறாள். இளையராணி ஒவ்வொரு சாயங்காலமும் ஏழு கதவுகளையும் சாத்திவிட்டு, ஒரு கிண்ணத்தில் கறுப்பாக எதையோ கொண்டுவந்து, வாயால் ஊதி ஆற்றிக் குழந்தைக்குக் குடிக்கக் கொடுக்கிறாள். கிண்ணத்தில் இருப்பது என்ன? ஐந்து வாரமாகக் கதாசிரியர் அதைச் சொல்லவில்லை. படம் மட்டும் போட்டிருந்தார்கள். இரண்டு பக்கமும் பாம்பு படமெடுத்து நிற்பதுபோலப் பிடி வைத்த கிண்ணம். படம் வந்த வாரம் பத்திரிகை கைக்குக் கை போய், மண்ணும் ஈரமுமான விரல் ரேகைகளோடு என்னிடம் திரும்பி வந்தது.

கொட்டகை இரண்டு கட்சியாகப் பிரிந்தது. "வெஷக் கட்சி"க்குத் தலைவி சவேரியம்மா. பெருத்த உடம்பு, பெருத்த குரல், ஊரையே சிரிக்க வைக்கிற வாய். "மருந்துக் கட்சி"யில் இருந்தது ஒரே ஒருவர்தான், அடைக்கலமேரி. சவேரியம்மாவின் தங்கை பிரசவத்தில் இறந்துபோக, அந்தத் தங்கையின் கணவர் அந்தோணிக்கு இரண்டாந்தாரமாக வந்தவர் அவர். தங்கை விட்டுப்போன பெண் ரோசுக்கு ஆறு வயது. குளிர்காய்ச்சல் விட்டுவிட்டு வந்து வயிறு உப்பிக் கிடந்த பிள்ளை. அடைக்கலமேரி அவளைக் கொட்டகைக்கே கூட்டிவந்து பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்வார். பொழுது சாய்கிற நேரத்தில், வீட்டிலிருந்து கலயத்தில் கொண்டுவந்த நிலவேம்புக் கஷாயத்தை மூலையில் சுடவைத்து, கொட்டாங்கச்சியில் ஊற்றி, ஊதி ஊதி அவளைக் குடிக்கவைப்பார்.

இப்போது யோசித்தால், கதை எங்கே நடக்கிறது என்று அந்தக் கொட்டகையில் எல்லோருக்கும் தெரிந்துதான் இருந்தது. யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, அவ்வளவுதான். ராணியைப் பற்றியே பேசுவார்கள்.

"கதவ எதுக்குடி சாத்துறா? நல்லது செய்யிறவ நாலு பேரு பாக்கச் செய்ய வேண்டியதுதானே?" என்பார் சவேரியம்மா.

"கசப்பு மருந்துக்குப் புள்ள எந்திரிச்சு ஓடும்லக்கா. அதான் சாத்துறா" என்பார் அடைக்கலமேரி, கையில் கடலை நிற்காமல் உடைந்துகொண்டே இருக்க. "அதுவும் பாருங்க, ஊதி ஆத்துறா. கொல்லப்போற புள்ளைக்கு வாயி சுட்டா அவளுக்கு என்ன?"

"சுட்டா துப்பிப்புடும்ல! ஒரு சொட்டு வீணாவக் கூடாதுன்னு ஊதுறா. கைகாரி!"

கொட்டகை சிரிக்கும். அடைக்கலமேரியும் சிரிப்பார். ஆனால் அவரைப்போலக் கதை கேட்டவர் அங்கே வேறு யாரும் இல்லை. அவசரத்தில் நான் ஒரு வரியை விட்டுவிட்டால் உடனே, "தம்பி, ஏதோ ஒண்ண முழுங்கிட்டீங்க. கதவத் தெறக்காம அவ எப்புடி உள்ள வந்தா?" என்று பிடித்துவிடுவார். எழுத்தே தெரியாத ஒருவர் என் வாசிப்பில் குற்றம் கண்டுபிடிப்பது எனக்குப் பிடிக்கவில்லை. சவேரியம்மாவோ என்னைக் காட்டி, "வாத்தியாரு மவன் படிச்சா தாசில்தாரே எந்திரிச்சு நிக்கணும்டி" என்பார்; மடியிலிருந்து ஒரு துண்டு வெல்லம் எடுத்துக் கொடுப்பார். நான் விஷக் கட்சியில் சேர்ந்துகொண்டேன். சேர்ந்ததோடு நிற்காமல் ஒரு சனிக்கிழமை எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று, "கிண்ணத்துல வெஷம் இல்லேன்னா நான் மொட்டை அடிச்சுக்கறேன்" என்று சபதமும் போட்டேன். பெண்கள் கை தட்டினார்கள். "முடி போனா மொளைக்கும், அப்புறம் அழக்கூடாது" என்றார் அடைக்கலமேரி.

ஆறாவது வாரத்துப் பத்திரிகை வந்தது. தபால்காரர் கையிலிருந்து வாங்கி வேலியோரத்தில் நின்றபடியே பிரித்தேன். கிண்ணத்தில் இருந்தது மருந்து. மூத்த ராணியைக் கொன்ற அதே நோய் குழந்தைக்கும் இருக்கிறது. அதைத் தீர்க்கும் வேர் கொடிய வேர் என்பதால், இளையராணி தினமும் பாதியைத் தான் முதலில் குடித்துப் பார்த்துவிட்டு மீதியைக் கொடுத்திருக்கிறாள். அதில் அவளுடைய கூந்தல் முழுவதும் நரைத்துப்போயிருக்கிறது. அந்த நரை வெளியே தெரியாமலிருக்கத்தான் முக்காடும் ஏழு கதவும்.

என் கண்ணில் நரைத்த கூந்தல் படவில்லை. என் மொட்டைத் தலைதான் பட்டது. அடைக்கலமேரியின் சிரிப்பு பட்டது.

சனிக்கிழமை சாக்கின் மேல் உட்கார்ந்து பத்திரிகையை விரித்தேன். விரல் ஒரு வரியில் ஊர்ந்துகொண்டிருக்க, வாய் வேறொன்றைச் சொல்லிக்கொண்டு போனது. கிண்ணத்தில் இருந்தது நாகத்தின் விஷம் என்றேன். ஒரேயடியாகக் கொன்றால் ராஜா கண்டுபிடித்துவிடுவார் என்பதால் நாளுக்கு ஒரு சொட்டாகக் கொடுத்தாள் என்றேன். ராஜகுமாரியின் வயிறு ஊதிக்கொண்டே வந்தது என்றும் சேர்த்துக்கொண்டேன். அந்த வயிறு எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை என்னையே கேட்டுக்கொள்கிறேன். கதையில் அப்படி எதுவும் இல்லை. என் எதிரே ரோசு உட்கார்ந்திருந்தாள்.

கடலை உடைக்கும் சத்தம் நின்றுபோனது. "நான் சொல்லல?" என்று சவேரியம்மா மெதுவாகத்தான் சொன்னார். அந்த ஒரு முறை அவருடைய குரலில் வேடிக்கை இல்லை.

அடைக்கலமேரி என்னைப் பார்த்து, "அப்புடியா எழுதியிருக்கு? இன்னொரு தடவ படிங்க தம்பி" என்றார்.

படித்தேன். சொன்னதையே சொல்லத்தான் முயன்றேன். வார்த்தைகள் இடம் மாறின.

"மொதல்ல நாகம்னீங்க. இப்ப பாம்புங்கறீங்க. சொட்டுன்னீங்க, இப்ப துளிங்கறீங்க. அச்சுல போட்டது எப்புடி மாறும்?"

"படிச்ச புள்ளய மடக்குறியாக்கும்? நீ எந்தப் பள்ளிக்கூடத்துல படிச்ச?" என்று சவேரியம்மா கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். அடைக்கலமேரி சிரிக்கவில்லை. அன்றைக்குப் பொழுது சாயும் நேரத்தில் அவர் கஷாயத்தை ஊதத் தொடங்கியபோது, ரோசு இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு பெரியம்மா சவேரியம்மாவின் மடியில் போய் விழுந்தாள்.

அதன்பிறகு அவள் சின்னம்மா கையால் கஷாயம் குடிக்கவில்லை. சில நாள் போனதும் அவர் கையால் சோறும் உண்ணவில்லை. நின்றிருந்த காய்ச்சல் திரும்பி வந்தது. மருந்தை நிறுத்தியதால் வந்தது என்று அடைக்கலமேரி கதறினார். இத்தனை நாள் கொடுத்ததுதான் இப்போது வேலை செய்கிறது என்று தெரு சொன்னது. சவேரியம்மா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனார். அவரை நான் குற்றம் சொல்லமாட்டேன். செத்துப்போன தங்கையின் ஒரே பிள்ளை, பயந்தார். அந்தோணி சாதுவான மனிதர். யார் கடைசியாகப் பேசினார்களோ அவர்கள் சொன்னதை நம்புவார். ஆடி பிறப்பதற்கு முன்பே மனைவியைக் கொள்ளிடத்துக்கு அக்கரையில் இருந்த தாய்வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

புறப்படுகிற அன்று காலையில், துணிமூட்டையோடு அடைக்கலமேரி எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தார். அப்பா பள்ளிக்கூடத்தில் இருந்தார். "தம்பி, அந்தப் பொஸ்தகத்த ஒரே ஒரு நாளு குடுங்க. எங்கூருல எங்கண்ணனுக்குப் படிக்கத் தெரியும். படிச்சுக் கேட்டுட்டுக் குடுத்து அனுப்பிடறேன்" என்றார். கெஞ்சவில்லை. கோபமும் இல்லை. என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

"அது மாமா திருப்பிக் கேட்டாருன்னு அனுப்பியாச்சு" என்றேன்.

"செரிங்க தம்பி. நல்லாப் படிங்க. போயிட்டு வரேன்" என்றார்.

அவர் தெருமுனை திரும்பியதும் பத்திரிகையை எடுத்துக் கொல்லையில் வெந்நீர் அடுப்பில் செருகினேன். யுத்தகாலத்துத் தாள், ஒரு நொடியில் பற்றி எரிந்தது. கொட்டகையில் மீதிக் கதை கேட்டவர்களிடம், காகிதத் தட்டுப்பாட்டால் பத்திரிகை நின்றுவிட்டது என்றேன். அதையும் நம்பினார்கள்.

எங்கள் வழக்கப்படி மாதம் ஒருமுறை சுவாமியாரிடம் செய்த பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்வோம். நான் முழங்காலில் நின்று, "பொய் சொன்னேன் சுவாமி, மூணு தடவை" என்றேன். என்ன பொய் என்று அவர் கேட்கவில்லை. நானாகச் சொல்லவும் இல்லை. அபராதமாக, மாதாவை வேண்டும் பிரியதத்த மந்திரத்தை மூன்று தடவை சொல்லச் சொன்னார். சொல்லி முடித்துவிட்டு விளையாடப் போனேன். அவரிடம் சொல்லியிருக்கலாம், அப்பாவிடம் சொல்லியிருக்கலாம். ஒரு வண்டி பூட்டிப் போய் அந்தப் பெண்ணை அழைத்து வந்திருப்பார்கள். எனக்கு அடி விழுந்திருக்கும். அவ்வளவுதான் அதன் விலை. நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த காலத்தில், அடைக்கலமேரி தாய்வீட்டிலேயே இறந்துபோனதாக யாரோ சொன்னார்கள். ஒரு தடவைகூட அவர் திரும்பி வரவில்லை. யாரும் அழைக்கவும் இல்லை. பிறகு நான் பெரம்பலூரில் முப்பது வருஷம் தமிழாசிரியராக இருந்தேன். புத்தகத்தில் உள்ளதை உள்ளபடி படி என்று எத்தனையோ பிள்ளைகளைப் பெஞ்சின் மேல் நிறுத்தியிருக்கிறேன்.

சில வருஷங்களுக்கு முன் ஏலாக்குறிச்சித் திருவிழாவுக்குப் போயிருந்தபோது, பஸ்ஸுக்குக் காத்திருந்த கூட்டத்தில் ரோசைப் பார்த்தேன். சவேரியம்மா வளர்த்து, பிழைத்து, கல்யாணமாகி, பல் விழுந்து, மடியில் கொள்ளுப்பேத்தியோடு உட்கார்ந்திருந்தாள். பழைய ஊர்ப்பேச்சு வந்தது. நான் சுற்றி வளைக்காமல் சொன்னேன்: கொட்டகையில் படித்தது பொய், பத்திரிகையில் அப்படி இல்லை, உன் சின்னம்மா கொடுத்தது நிலவேம்பு, நான் என் கண்ணால் பார்த்தேன்.

அவள் கோபப்படவில்லை. வெற்றிலை வாயோடு சிரித்தாள். "என்னண்ணே வயசான காலத்துல? நீங்க படிச்சது கதை. நான் குடிச்சது நெசம்ல? ரெண்டு பக்கமும் பாம்பு நிக்கும், அந்தக் கிண்ணத்துல. இன்னும் கண்ணுக்குள்ளயே இருக்கு. அதுல வாயி வெச்சா சில்லுன்னு இருக்கும். பேரப்புள்ளைங்க எல்லாத்துக்கும் சொல்லியிருக்கேன்."

"அது கொட்டாங்கச்சி, ரோசு."

"ஒங்களுக்கு மறந்துபோச்சுண்ணே" என்று பரிவோடு சொல்லி என் கையைத் தட்டிக்கொடுத்தாள். அவளுடைய பஸ் வந்துவிட்டது.

இப்போது கொட்டகை இருந்த இடத்தில் செல்போன் கோபுரம் நிற்கிறது. கடலையை மெஷின் உடைக்கிறது. என் வீட்டுக் கூடத்தில் சாயங்காலமானால் டிவியில் ராஜகுமாரி நாடகம் ஓடுகிறது. என் மருமகளும் பேத்திகளும், சித்தி கெட்டவளா, வேஷம் போடுகிறாளா, அடுத்த வாரம் என்ன செய்வாள் என்று கட்சி கட்டிக்கொண்டு பேசுகிறார்கள். "தாத்தா, நீங்க எந்தப் பக்கம்?" என்று கேட்டால் எழுந்து வாசலுக்குப் போய்விடுகிறேன்.

ரோசிடம் காட்டுவதற்காக அந்த ஆறாவது அத்தியாயத்தைத் தேடாத இடமில்லை. திருச்சியில் கேட்டேன், சென்னையில் நூலகம் நூலகமாக ஏறி இறங்கினேன். அந்தப் பத்திரிகையின் பெயர்கூட ஒருவருக்கும் தெரியவில்லை. இளையராணி பாதியைத் தான் குடித்துவிட்டுத்தான் குழந்தைக்குக் கொடுத்தாள் என்றும், அதனால்தான் அவளுடைய கூந்தல் நரைத்தது என்றும் அதில் அச்சில் போட்டிருந்தது. அதைச் சொல்ல இன்றைக்கு மிஞ்சியிருப்பவன் நான் ஒருவன்தான். அன்றைக்கு அதை வேறு மாதிரி படித்தவனும் நான்தான்.