அடுக்கா, ஒரே பிடியா? என் கடைவாய்ப் பல்லில் நடந்த சண்டை

முதலில் நடந்த அநியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். போன வருடம் சுங்கை பட்டாணி டவுன் கிளினிக்கில் என் கடைவாய்ப் பற்கள் இரண்டை அடைத்தார்கள். வலப்பக்கம் ஒரு முறை, இடப்பக்கம் வேறு முறை. பல் என்னுடையது, வாய் என்னுடையது... எந்த முறை வேண்டும் என்று என்னை யாரும் கேட்கவில்லை.

என்னைக் கூட்டிப்போன மகன்தான் பதில் சொன்னான். "எது சீக்கிரம் முடியுமோ அதப் பண்ணிடுங்க டாக்டர். அப்பாவுக்கு இதெல்லாம் தெரியாது."

எனக்கா தெரியாது?

கோலா கெத்தில் ஊருக்குப் பக்கத்துத் தோட்டத்தில் நான் ரப்பர் மரம் சீவிய காலம். ரப்பர் பால் ஸ்டோருக்குள் நுழைந்தாலே பாலை உறையவைக்கும் ஆசிட் வாடை மூக்கில் ஏறும், கண் கரிக்கும். அப்போது கடைவாயில் ஒரு பல் குழி விழுந்திருந்தது. குளிர்ந்த தண்ணீர் பட்டால் உயிர் போகும். தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸருக்குப் பல்வலிக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான்... குறடு.

கூட்டாளி காளியப்பன் யோசனை சொன்னான். "டேய், மரத்துல கட்டுற மங்குல வடிஞ்சிருக்கிற ரப்பர் பால ஒரு சொட்டு குழியில ஊத்துடா. ஆசிட் தொட்டு வச்சா கல்லாட்டம் இறுகிக்கும்லா!"

ஊற்றினோம். நாக்கு வெந்தது. ஆனால் இறுகியது! வெள்ளை வெளேரென்று, பல்லின் நிறத்திலேயே. தோட்டத்து லயத்து வீடுகள் முழுக்க வாயைத் திறந்து காட்டிக்கொண்டு திரிந்தேன்.

யாரும் இதைச் செய்துவிடாதீர்கள். மேலே தோல் கட்டியதே தவிர, அடியில் பால் பச்சையாகவே கிடந்து அழுகியது. அந்த நாற்றத்தில் காளியப்பனே என் பக்கத்தில் உட்காரவில்லை. கடைசியில் குறடுதான் வந்தது.

அன்று பிடித்த கொள்கை எனக்கு: மொத்தமாக ஊற்றினால் மேலே இறுகும், உள்ளே இறுகாது. எதையும் மெல்லிசாக, அடுக்கடுக்காக வைக்க வேண்டும்.

போன வருடம் வலப்பக்கத்தை அடைத்த டாக்டர் அப்படித்தான் செய்தார். பல் நிறத்தில் ஒரு பசை. கொஞ்சம் வைப்பார், நீல விளக்கைப் பிடிப்பார், இறுகும். மறுபடி கொஞ்சம். தாடை கழன்றுவிடும் போலிருந்தாலும் மனம் குளிர்ந்தது. இடப்பக்கத்துக்குப் போன நாளில் வேறொரு டாக்டர் இருந்தார். குழி முழுவதையும் ஒரே பிடியில் நிரப்பி, விளக்கைக் காட்டி, "முடிஞ்சது அங்கிள்" என்றார்.

"இது நிக்காது, பாத்துக்க," என்று வீட்டுக்கு வந்ததும் என் மனைவி லெட்சுமியிடம் சொன்னேன். யூடியூபில் தேடித் தேடிப் பார்த்தேன். புரியாத இங்கிலீஷை மகனிடம் கேட்காமல் அகராதியில் நானே பிடித்தேன். எல்லாம் என் பக்கம்தான் பேசுவதாகத் தோன்றியது.

இடப்பக்கம் கல்லு மாதிரி நின்றது. கெட்டுப்போனது எது தெரியுமா? நான் மெச்சிய வலப்பக்கம்! கறி நார் அடைத்த பல்லுக்கும் பக்கத்துப் பல்லுக்கும் நடுவே போய்ச் சிக்கிக்கொள்ளும். ஈறு வீங்கும். குச்சியும் கையுமாக நான் அலைவதைப் பார்த்து லெட்சுமி சிரித்தாள். "ஏங்க, உங்க அடுக்குமாடி வீடு ஒழுகுதா?"

வீடிருக்கும் பாடாங் செராயிலிருந்து தனியாக பஸ் ஏறினேன். இந்தத் தடவை கூலிம் டவுனில் ஒரு டாக்டரம்மா. கண்ணாடியை வைத்துப் பார்த்துவிட்டு, "அடைச்ச ஓரத்துல மறுபடி சொத்தை, அங்கிள். இன்னொரு தடவை கெட்டா பல்ல எடுக்கத்தான் வேணும்," என்றார்.

அந்தப் பக்கம் மெல்வதற்கு மிஞ்சியிருந்ததே அந்த ஒரு ஜோடிதான். போனால் கட்டுப்பல். பல்லைக் கழற்றித் தண்ணீரில் போட்டுவிட்டுப் படுக்கிற ஆள் நானில்லை.

"அடுக்கா வைப்பீங்களா, மொத்தமா வைப்பீங்களா? அதச் சொல்லிட்டு வாயத் தொடுங்க," என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். "தப்பான ஆளப் பிடிச்சு அடிச்சிட்டிருக்கீங்க அங்கிள். சில புதுப் பசையில வெளிச்சம் ஆழமாப் போகும், தடிமனா வைக்கலாம். மத்த பசைய மெல்லிசா அடுக்கணும். சரியா செஞ்சா ரெண்டும் நிக்கும்லா. உங்களுக்குப் பிரச்சினை நடுவுல. பக்கத்துப் பல்ல ஒட்டுற மாதிரி சுவர் எழுப்பல."

"அப்ப எழுப்புங்க சுவர!"

எழுப்பினார் பாருங்கள்... வாயின் மேல் ஒரு ரப்பர் விரிப்பு. பல் மட்டும் வெளியே எட்டிப் பார்த்தது. எச்சில் பட்டால் பசை பிடிக்காதாம். பல்லிடுக்கில் வளைந்த தகடு, அடியில் சின்ன ஆப்பு, இரண்டு பல்லையும் கொஞ்சம் விலக்கிப் பிடிக்க ஒரு வளையம். வேலை முடிந்து வளையத்தை எடுத்ததும் விலகிய பற்கள் தாமாக நெருங்கிக்கொள்ளுமாம். இதைக் கேட்டதும் நாற்காலியிலிருந்து எழப் பார்த்தேன், அவ்வளவு சந்தோஷம்! பிறகு ஆசிட், கழுவல், ஒட்டு மருந்து, விளக்கு. முதலில் சுவர். அப்புறம் அடியில் இளகிய பசை, அதன்மேல் கெட்டிப் பசை.

பேச முடியாததால் விரலைத் தூக்கிக் காட்டினேன். இரண்டு!

"சரி சரி, ரெண்டு அடுக்குத்தான், நீங்கதான் ஜெயிச்சீங்க. ஆடாம இருங்க அங்கிள்!"

கடைசியில் நூலை இடுக்கில் விட்டு இழுத்தார். டக்! அந்தச் சத்தத்துக்காகவே இன்னொரு தரம் இழுக்கச் சொன்னேன்.

அன்று பல் வலித்தால் பேச்சே கிடையாது, குறடுதான். காளியப்பனுக்கு இன்று கடைவாயில் ஒரு பல்கூட இல்லை. இட்லியைக்கூடக் குழம்பில் ஊறவைத்துத்தான் தின்கிறான். இன்று பல்லைக் காப்பாற்ற இத்தனை வழி இருக்கிறது. எது வேண்டும் என்று நம்மைக் கேட்கத்தான் ஆளில்லை.

ஆகவே சொல்கிறேன். டாக்டர்மார் அடைப்பதற்கு முன்னால் எந்த முறை, ஏன் என்று பல்லுக்குச் சொந்தக்காரனிடம் சொல்ல வேண்டும். இடுக்கில் சொத்தை என்றால் வளையம் போட வேண்டும், நம் கண் முன்னாலேயே நூல் விட்டுக் காட்ட வேண்டும். பிள்ளைகள் வெளியே உட்கார வேண்டும், வாயைத் திறக்க வேண்டியது அப்பன்தான். நாம் நாற்காலியில் நாக்கை ஆட்டாமல் இருக்க வேண்டும், வீட்டில் தினமும் நூல் விட வேண்டும். காளியப்பன் பிடிவாதத்தை விட்டு, மிச்சமிருக்கும் முன்பல்லுக்காவது என்னோடு கூலிமுக்கு வர வேண்டும்.

லெட்சுமி செய்ய வேண்டியது ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை ஆட்டு எலும்பை குக்கரில் போட்டுக் குழைய விடக்கூடாது.