செம்மண் கீற்று

இத்தாலியில் நான் வேலை செய்த வீட்டு ஐயா, சிஞ்ஞோரே என்றுதான் கூப்பிடுவேன், ஒரு வைன் வியாபாரி. வியா மக்வேதா வீதிக்குப் பின்னால், மூன்றாம் மாடி. அவருடைய எழுத்தறைச் சுவரில் ஓர் அவுஸ்திரேலிய வரைபடம் கண்ணாடிச் சட்டத்தில் தொங்கியது. முழு நாடுமல்ல, தெற்கே கடலை ஒட்டிய லைம்ஸ்டோன் கோஸ்ட் என்ற வைன் வலயம் மட்டும். அதற்குள் பட்தவே, ரட்டன்புலி, குனவாரா, மவுண்ட் பென்சன் என்று சின்னச் சின்னப் பிரதேசங்கள், ஒவ்வொன்றும் ஒரு நிறத்தில். நேற்று முளைத்தவர்கள் தன் பிழைப்பில் மண்ணள்ளிப் போடுகிறார்கள் என்று அதைப் பார்த்துத் திட்டுவது அவருக்குப் பொழுதுபோக்கு. இரண்டு வருடம் அந்தக் கண்ணாடியைத் துடைத்தேன், ஒரு பெயரையும் வாசித்ததில்லை. எனக்குச் சம்பளம் தூசி துடைக்கத்தான், புவியியல் படிக்க அல்ல.

என் தம்பி அந்த நாட்டில்தான் இருந்தான். முந்திரிகைத் தோட்டங்களில் பழம் வெட்டினான். திராட்சையை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். விசா இல்லை. வேறு யாருடைய பத்திரத்திலோ, வேறு பெயரில் வேலை. அதனால் கடிதத்தில் ஊரை எழுதமாட்டான், முகவரியும் தரமாட்டான். அவன் எழுதுவான், நான் வாசிப்பேன், அவ்வளவுதான். அந்தப் பயம் எனக்குப் புதிதில்லை. பெர்மெஸ்ஸோ என்ற தங்கும் அனுமதி கையில் கிடைக்கும்வரை நானும் அப்படித்தான். யாராவது கதவைத் தட்டி என் முழுப் பெயரைச் சொல்லிக் கேட்டால், பின்படியால் இறங்கி வுச்சீரியா சந்தை மீன்கடைகளுக்குள் போய் நிற்பேன்.

தொண்ணூறுகளின் கடைசியில், ஓர் ஏப்ரல் மாதம், அம்மா வன்னியில் இறந்துபோனா. சண்டையால் பாதை பூட்டு, தபால் இல்லை. கொழும்பிலிருந்த பெரியம்மாவின் மகள் தொலைபேசியில் சொன்னபோது பத்தொன்பது நாள் கடந்திருந்தது. கொள்ளி வைத்தது பக்கத்துக் கொட்டிலில் இருந்த யாரோ ஒருவர். அம்மாவுக்குத் தம்பி ஒரே ஆண்பிள்ளை. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியையாவது அவன் கையால் நடக்கவேண்டும். எந்த நாடென்றாலும் ஒரு தண்ணீர்க் கரையில் மொட்டையடித்து, எள்ளும் தண்ணீரும் இறைத்தால் போதும். பன்னிரண்டு நாள் மிச்சமிருந்தது. அவன் எங்கே என்று எனக்குத் தெரியாது.

அன்று காலை அழுதுகொண்டே துடைப்பதைச் சிஞ்ஞோரே கண்டுவிட்டார். சொன்னேன். கடைசிக் கடிதத்தில் என்ன எழுதியிருந்தான் என்று கேட்டார்.

"அக்கா, இஞ்சை மண் எங்கடை தோட்டத்து மண் மாதிரிச் சிவப்பு. ஒரு முழம் கிண்டினால் வெள்ளைச் சுண்ணாம்புக்கல். பார்க்கப் பார்க்க விசராக்கிடக்கு" என்று எழுதியிருந்தான். எனக்குத் தெரிந்த இத்தாலியனில் சொல்லிக் காட்டினேன்.

அவர் எழுந்துபோய் வரைபடத்தில் விரல் வைத்தார். "மேலே சிவப்பு, கீழே சுண்ணாம்பு, இந்த மாதத்தில் அறுவடை. குனவாராதான். ஒரு கீற்றளவு நிலம். அங்கே ஒரு தோட்டக்காரரை எனக்குத் தெரியும்." அந்த இடத்திலேயே தொலைபேசியை எடுத்தார். எனக்கு அவர் காலில் விழவேண்டும் போலிருந்தது.

ரிசீவரைப் பொத்திக்கொண்டு, "பெயர் என்ன?" என்று என்னைக் கேட்டார்.

அவன் வேலை செய்யும் பெயர் எனக்குத் தெரியாது. அம்மா வைத்த பெயரை, அப்பாவின் பெயரோடு, முழுதாகச் சொன்னேன். பழம் வெட்டும் பொடியளில் ஒருவனின் காதில் விழுந்தாலும் அவனிடம் போய்ச் சேர்ந்துவிடும் என்று நினைத்தேன். தாய் செத்த செய்தியைப் பிள்ளை அந்நியர் வாயால் கேட்கக்கூடாது. அதனால் யார் தேடுவது, ஏன் தேடுவது என்று ஒன்றும் சொல்லவேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டேன்.

மூன்றாம் நாள் பதில் வந்தது. "தோட்டம் தோட்டமாக ஆள் அனுப்பிக் கேட்டார்களாம். அந்தப் பெயரில் யாருமில்லை" என்றார் சிஞ்ஞோரே. அவருக்குக் கோப்பி போட்டுக் கொடுத்து நன்றி சொன்னேன்.

முப்பத்தோராம் நாள் வழக்கம்போல வேலைக்குப் போனேன். பக்கத்து ஊர் பகேரியாவிலிருந்து சிஞ்ஞோரேயின் சகோதரி சாப்பிட வந்திருந்தா. அம்மாவின் அந்தியேட்டி நாளில் நான் மீன் செதில் உரித்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் முடிவில் தம்பியின் கடிதம் வந்தது.

"அக்கா, நான் சுகம். நாங்கள் நிண்ட தோட்டத்துக்கு ஆரோ வந்து என்ரை சொந்தப் பேரை, அப்பான்ரை பேரோடை சொல்லிக் கேட்டவங்கள். ஏனெண்டு கேட்டதுக்குச் சொல்லேல்லை. இமிகிரேசன்தான், வேறை ஆர்? உடுப்பும் எடுக்காமல் முந்திரிகைக்குள்ளாலை ஓடிட்டன். இனி அந்தப் பக்கம் தலைவைச்சும் படுக்கமாட்டன். காட்டிக் குடுத்தவன் ஆரெண்டு தெரிஞ்சால் சும்மா விடமாட்டன். அம்மாவுக்கு மட்டும் எழுதிப்போடாதை, மனுசி பயப்பிடும்."

முழுப் பெயர் கேட்டால் பின்படியால் இறங்குகிற சனம் நாங்கள். அது என்னைவிட யாருக்குத் தெரியும்? என்னை நானே அறையவேண்டும் போலிருந்தது. கடிதத்தைத் திருப்பிப் பார்த்தேன், உறையைக் கிழித்து உள்ளேயும் பார்த்தேன். இந்த முறையும் முகவரி இல்லை.