மேசைத்துணியில் வந்த மாப்பிள்ளை

யூதர்கள் வாழும் எங்கள் ப்னே ப்ராக் ஊரில் நல்ல தொப்பி வேண்டுமென்றால் லெய்பிஷ் கடைக்குத்தான் வரவேண்டும். லெய்பிஷ் நான்தான். என்னைப் பற்றி நானே இப்படிச் சொல்லக்கூடாது. ஆனால் மற்றவர்கள் சொன்னால் கொஞ்சம் குறைத்துச் சொல்கிறார்கள், அதனால் நானே சொல்லிவிடுகிறேன். பள்ளிக்கூடம் எனக்கு ஒத்துவரவில்லை. கைவண்டியில் பழைய தொப்பி விற்று ஆரம்பித்தவன், இன்று ரபி அக்கிவா தெருவில் சொந்தக் கடை, மேலே சொந்த வீடு. தெருவில் போகிறவனுடைய தொப்பி விளிம்பைப் பார்த்தே அவன் எங்கே படித்தான், மாமனார் எந்தக் கூட்டத்துக்காரர், வீட்டில் சண்டை உண்டா இல்லையா என்று சொல்லிவிடுவேன். ஒரு விரல் அகலம் கூடினாலும் குறைந்தாலும் அது வேறு மனிதன்.

இங்கே நான் எழுத வந்தது என் கதையை அல்ல, ஹெனோக்கின் கதையை. மீன் விற்கிற ஹெனோக். அவனுக்குத் தொப்பி கொடுத்தவன் நான், பெண் பார்த்துக் கொடுத்தவனும் நான், ஆகவே நான் நடுநடுவே வருவதைத் தவிர்க்க முடியாது.

நாங்கள் இருவரும் ஒரே அநாதை விடுதியில் வளர்ந்தோம். உடுப்பெல்லாம் அமெரிக்காவிலிருந்து மூட்டையாக வரும். கண்ணை மூடிக்கொண்டு கையில் வந்ததை எடுத்துக்கொள்ள வேண்டும். ஒரு குளிர்காலத்தில் ஹெனோக்கின் கையில் சிக்கியது ஒரு பெண்பிள்ளைக் கோட்டு, ரோஜா நிறம், முயல்ரோமக் கழுத்து. அவன் அழுதான், நாங்கள் சிரித்தோம். விடுதிக் கண்காணிப்பாளர் வந்து எல்லோரையும் வரிசையாக நிறுத்தினார்.

"எல்லாரும் பொத்தானைப் பாருங்கடா. உங்களுக்கெல்லாம் இடதுபக்கம் மேல வந்திருக்கு. வலதுபக்கம் இல்ல மேல வரணும்? வலது கருணை, இடது கோபம், கருணை கோபத்தை மூடணும்னு பெரியவங்க சொன்னது மறந்துபோச்சா? ஒருத்தன்தான் முறையா போட்டிருக்கான். ஹெனோக், முன்னால வா."

வெளிநாட்டுக்காரன் ஆண்களின் கோட்டை நம் முறைக்கு மாறாகவும், பெண்களின் கோட்டை நம் முறைப்படியும் தைக்கிறான். அதற்கு ஹெனோக் என்ன செய்வான்? ரோஜா நிறக் கோட்டில் முன்னால் போய் நின்றான். அவன் முகத்தில் அன்றைக்கு வந்த பெருமை அப்புறம் இறங்கவே இல்லை. உடுப்பு என்பது துணி அல்ல, படிப்பு என்று அவனுக்குப் பட்டுவிட்டது. மனிதனுக்கு மரியாதை தருவது அவன் உடுப்பு என்றும், கற்றவன் மேலங்கியில் கறை இருப்பது பெரிய குற்றம் என்றும் முன்னோர் சொன்னதையெல்லாம் தேடித்தேடிப் பொறுக்கி வைத்துக்கொண்டான். வேறு எதையும் அவன் அவ்வளவாகப் படிக்கவில்லை.

அப்படிப்பட்டவனுக்கு மாமனார் வழியில் வாய்த்தது மீன் கடை. வியாழக்கிழமை போய்ப் பார்க்கவேண்டும். சனிக்கிழமை ஓய்வுநாளான சபாத்துக்கு மீன் வாங்க ஊரே நிற்கும். தொட்டிக்குள் உயிரோடு கார்ப் மீன் துள்ளும். மற்ற மீன்காரர்கள் ரப்பர் உடுப்பில் தலைமுதல் கால்வரை செதிலோடு நிற்பார்கள். ஹெனோக் வெள்ளைச் சட்டை, கறுப்பு அரைக்கோட்டு, வெள்ளிப் பொத்தானோடு நிற்பான். மீனைப் பிடிப்பதற்கு முன்னால் அதனிடம் ஏதோ மரியாதையாகச் சொல்லுவான், அதுவும் துள்ளாது. ஒரு சொட்டு மேலே படாது. கறை எடுக்கும் எலுமிச்சை எப்போதும் பையில் இருக்கும். மீன் வாங்காதவர்கள்கூட வேடிக்கை பார்க்க வந்தார்கள்.

மனைவி காலமாகிப் பல வருடம் தனியாக இருந்தான். ஒரு வியாழக்கிழமை, கல்யாணமான பெண்கள் வைத்துக்கொள்ளும் பொய்முடி செய்து விற்கிற பெய்லா என்ற விதவை மீன் வாங்க வந்தாள். மீனை வாங்கிக்கொண்டு போகும்போது, "முதுகுல ஒரு செதில் ஒட்டியிருக்கு, ரெப் ஹெனோக்" என்று மரியாதை குறையாமல் சொல்லிவிட்டுப் போனாள். அவனால் பார்க்க முடியாத இடம். அன்று கடையைச் சீக்கிரமே மூடிவிட்டு நேராக என்னிடம் வந்தான்.

"லெய்பிஷ், அந்தம்மாவைக் கேட்டுப் பாரு."

"எதுக்கு? செதில் சொன்னதுக்கா?"

"இத்தனை பேர் என்னைப் பாக்கறாங்க. அவதான் கவனிச்சா."

பெய்லா லேசில் பிடிகொடுக்கவில்லை. "கண்ணாடி முன்னால அரைநாள் நிக்கிற ஆளு, ஆண்டவன் முன்னால எவ்வளவு நேரம் நிப்பாரு? இப்படி ரெண்டு பேரை ஏற்கெனவே வேண்டாம்னு அனுப்பியிருக்கேன்" என்றாள். நான் பேசத் தெரிந்தவன். கடைசியில் ஒரே ஒரு சந்திப்பு, ஆளுக்கு ஒரு ஆரஞ்சு சோடா, அதோடு முடிவு சொல்லிவிடுவேன் என்று ஒப்புக்கொண்டாள்.

எங்கள் வழக்கப்படி ஊர் ஓரத்து ஓட்டல் முன்கூடத்தில் சந்திப்பு. நான் இரண்டு மேசை தள்ளி மேற்பார்வைக்காக உட்கார்ந்திருந்தேன். தரகர் கூட வருவது வழக்கமில்லை, ஆனால் என் கைராசி அருகில் இருந்தால்தான் வேலை செய்யும்.

ஹெனோக் வந்தான். ஓட்டலே திரும்பிப் பார்த்தது. இத்தாலித் துணியில் கம்பளிக் கோட்டு, அதே துணியில் கால்சட்டை. காலர் கழுத்தைச் சுற்றிக் கோட்டைச் சுவர்போல நின்றது. தலையில் என் தொப்பி. அதற்கு நான் சாட்சி சொல்லத் தேவையில்லை.

நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அவன் கார்ப் மீனின் குணம் சொன்னான், அவள் சிரித்ததைக்கூடப் பார்த்தேன். திடீரென்று அவள் சிரிப்பு நின்றது. எழுந்து, தண்ணீர் கேட்கப் போகிறவள்போல என் மேசைக்கு வந்தாள்.

"ரெப் லெய்பிஷ், அவர் காலர் ஓரத்துல ஒரு நூல் நீட்டிக்கிட்டிருக்கு. லினன்."

"சும்மா இருங்கம்மா. அவன் சோதனை பண்ணாம உடுப்பு போடமாட்டான். கைப்பக்கம் சோதனைச் சீட்டே தைச்சிருக்கும்."

"என் வீட்டுக்காரர் தையக்காரரா இருந்தவர். நான் நூலைப் பாத்துச் சொல்றேன். காலரை விறைப்பாக்க உள்ளே லினன் வெச்சிருக்காங்க. கோட்டு கம்பளி."

எங்கள் வேதத்தில் இது கடுமையான விலக்கு. கம்பளியும் லினனும் ஒரே உடுப்பில் சேர்ந்தால் அதை ஒரு நொடிகூட உடம்பில் வைத்திருக்கக்கூடாது. தெரிந்தவன் நடுச்சந்தையானாலும் அங்கேயே கழற்ற வேண்டும். தெரியாதவனுக்கு? உடனே எங்கள் மதகுரு ரபிக்குப் போன் போட்டேன். ரபி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"அவனுக்குத் தெரியாதா?"

"தெரியாது ரபி."

"சுத்தி ஆளுங்க இருக்காங்களா?"

"நிறைய. பொண்ணு பாக்க வந்திருக்கான்."

"அப்ப வாயைத் திறக்காதே. நாலு பேர் முன்னால மனுஷனை அவமானப்படுத்தக்கூடாது. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய்ச் சொல்லு. ஆனா சீக்கிரம்."

"எவ்வளவு சீக்கிரம்?"

"நான் சூப்பை முடிக்கிறதுக்குள்ள" என்று சொல்லி வைத்துவிட்டார்.

ஆகவே எங்கள் வேலை இதுதான்: ஏன் என்று சொல்லாமல் ஹெனோக்கை வீட்டுக்குக் கிளப்ப வேண்டும். ரபி சொன்னதைக் கேட்டுக்கொண்டு பெய்லா தன் இடத்துக்குத் திரும்பினாள். நான் அவர்கள் மேசைக்குப் போய், "டேய், உன் மீன் தொட்டி உடைஞ்சு தண்ணி தெருவுல ஓடுதாம்" என்றேன்.

"ஓடட்டும். மீனெல்லாம் வித்தாச்சு."

"உன் கடையில திருடன் புகுந்துட்டானாம்."

"என்னத்த எடுப்பான், ஐஸ்கட்டியையா? நீ போய் உக்காரு லெய்பிஷ்."

நான் கை தவறியதுபோல அவனுடைய கோட்டின்மேல் என் சோடாவைக் கொட்டினேன். கறையென்றால் உயிரை விடுகிறவன், கோட்டைக் கழற்றிக்கொண்டு ஓடுவான் என்று நினைத்தேன். அவன் பையிலிருந்து எலுமிச்சையை எடுத்தான், கைக்குட்டையால் ஒற்றினான், கறை போயிற்று. அந்த மாதிரி ஒரு கைவேலையை நான் பார்த்ததே இல்லை. பெய்லாகூட ஒரு கணம் மறந்து ரசித்துவிட்டாள். பிறகு சொன்னாள்:

"நேரமாச்சு. நாம கிளம்பலாமா? நீங்க நேரா வீட்டுக்குப் போனா நல்லது."

ஹெனோக்கின் முகம் வாடியது. அந்தக் காலருக்குள் அவன் கழுத்து சிறுத்துப் போனதை நான் பார்த்தேன்.

"வாடை அடிக்குதா?" என்றான்.

"இல்ல."

"அதிகமா பேசிட்டேனா?"

"இல்ல, நல்லாத்தான் பேசினீங்க."

"அப்ப எதுக்குப் போகச் சொல்றீங்க?"

அவளால் பொய் சொல்ல முடியாது, உண்மையும் சொல்லக்கூடாது.

"சரி. என்னைப் பிடிக்கல. பரவாயில்ல. ஆனா ஒரு சோடான்னுதானே பேச்சு? இது முடியற வரைக்கும் உக்காருங்க. அப்புறம் நானே போயிடறேன்."

இப்படிச் சொல்லிவிட்டுச் சோடாவை உதட்டில் படுகிற அளவுக்கு மட்டும் குடித்தான். வைத்தான். மறுபடி எடுத்தான். குருவிகூட அதைவிட வேகமாகக் குடிக்கும். அவன் அவளை விட்டுப் பிரிய மனமில்லாமல் நேரத்தை இழுக்க இழுக்க, அவன் கழுத்தில் பாவம் ஏறிக்கொண்டிருந்தது. நான் இரண்டு மேசை தள்ளி ரபியின் சூப்பை நினைத்துக்கொண்டிருந்தேன்.

பெய்லா நாற்காலியை முன்னால் இழுத்துப்போட்டுக்கொண்டாள்.

"உங்க கோட்டு நல்லா இருக்கு. எங்க வாங்கினது?"

அவன் நிமிர்ந்தான். "இங்கதான். சோதனை முடிச்சு, சீட்டோட."

"காலரும் அப்பவே இப்படித்தான் நின்னுச்சா?"

"எங்க நின்னுச்சு? துவண்டுபோய்க் கிடந்தது. உங்களைப் பாக்க அப்படி வரமுடியுமா? டெல் அவீவ்ல ஒரு தையக்காரன்கிட்ட குடுத்துப் பிரிச்சு, உள்ளே ஏதோ வெச்சு, புதுசா…"

அங்கே நிறுத்தினான். கை மெதுவாகக் காலருக்குப் போயிற்று. நீட்டிக்கொண்டிருந்த நூலை விரல் கண்டுபிடித்தது. பெய்லா அவனிடம் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை, கேள்விதான் கேட்டாள். தெரிந்துகொண்டவன் அவன்.

அடுத்த நொடி கோட்டு தரையில் கிடந்தது. யோசிக்கவில்லை, சுற்றிப் பார்க்கவில்லை. ஊரிலேயே உடுப்புக்காக உயிரை வைத்திருந்த ஒரே மனிதன், ஓட்டல் நடுவே சட்டையோடும் இடுப்புவரை தொங்குகிற, ஓரத்தில் புனிதக் குஞ்சம் கட்டிய கம்பளி அங்கியோடும் நின்றான். பிறகு கால்சட்டையைப் பார்த்தான்.

"இடுப்புப் பட்டியையும் அவன்தான் பிரிச்சுத் தைச்சான்" என்றான்.

கூடத்தின் பெரிய தூணுக்குப் பின்னால் போனான். கால்சட்டை மட்டும் வெளியே பறந்து வந்தது. நான் என் கோட்டைக் கொண்டுபோனேன். நான் குள்ளம், அவன் நெட்டை.

"இது எனக்குத் தொப்புள் வரைக்கும்தான் வரும். அந்த மேசைத்துணியைக் குடு. நல்லா மடிப்பு விழும்."

பரிசாரகன் வாய் திறக்கும் முன் என் மேசைத்துணியை உருவிக் கொடுத்தேன். ஹெனோக் இடுப்பில் சுற்றி முடிச்சுப்போடப் போனபோது, திரும்பி நின்றுகொண்டிருந்த பெய்லா குரல் கொடுத்தாள்.

"முடிச்சுப் போட்டுடாதீங்க. அந்தத் துணி என்ன நூல்னு தெரியாது. உங்க அங்கி கம்பளி. சேத்துக் கட்டினா மறுபடியும் அதே கதைதான்."

பரிசாரகனைக் கேட்டோம். பருத்தியா லினனா என்று அவனுக்கும் தெரியவில்லை. ஆகவே கையால் பிடித்துக்கொண்டே வந்தான் ஹெனோக். கழுத்துக்கு மேலே எந்தக் குறையும் இல்லை, அங்கே என் தொப்பி இருந்தது. கீழே வெள்ளைத் துணி, கறுப்புக் காலுறை, பளபளக்கும் காலணி. வாடகைக்கார் ஓட்டுநர் அவனைப் பார்த்ததும் கதவைப் பூட்டிக்கொண்டான். நடப்பதைத் தவிர வழியில்லை. வியாழக்கிழமை சாயங்காலம், ரபி அக்கிவா தெருவில் ஊர் முழுக்க சபாத்துக்குச் சாமான் வாங்கிக்கொண்டு நின்றது.

பெய்லா எதிர்ப்பக்க நடைபாதையில் போயிருக்க வேண்டும். நிச்சயமாகாத பெண் ஒரு ஆணோடு சேர்ந்து நடந்தாலே அந்தத் தெரு ஒரு மாதம் பேசும். அவள் அவன் பக்கத்தில் வந்து அதே வேகத்தில் நடந்தாள். நான் பின்னால் கோட்டையும் கால்சட்டையையும் சுருட்டித் தூக்கிக்கொண்டு வந்தேன்.

"ஹெனோக், என்னய்யா கோலம் இது?" என்றார் ரொட்டிக்கடைக்காரர்.

அவன் பதில் தேடுவதற்குள் பெய்லா சொன்னாள்: "நாங்க வீட்டுக்குப் போயிட்டிருக்கோம்."

'நாங்க' என்ற சொல் ரொட்டிக்கடைக்காரருக்குப் போதுமானதாக இருந்தது. துணியை மறந்துவிட்டார். "மஸல் டோவ்" என்று கல்யாண வாழ்த்துச் சொன்னார். அது எங்களுக்கு முன்னாலேயே தெருவில் ஓடிவிட்டது. பழக்கடை, மருந்துக்கடை, பேருந்து நிறுத்தம் எல்லாம் மஸல் டோவ். அநேகமாக யாரும் இடுப்புக்குக் கீழே பார்க்கவில்லை, எல்லாரும் பெய்லாவைத்தான் பார்த்தார்கள். பார்த்த இரண்டு பேரும் தப்பாகப் பார்க்கவில்லை. வழிமறித்து, "இந்த வெள்ளை உடுப்பு எந்த ரெபே குருவோட கூட்டம்?" என்று பக்தியோடு கேட்டார்கள். அடுத்த வாரம் என் கடைக்கு வந்து அந்தத் துணி இருக்கிறதா என்றும் விசாரித்தார்கள்.

ஹெனோக்கின் வீட்டு வாசலுக்கு வந்தோம். துணியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, மறுகையால் தொப்பியைச் சரிசெய்தான்.

"ஊரு சொன்னது ஊரோட போகட்டும். நீங்க ஒண்ணும் சொல்லலையே" என்றான். "சோடாகூட மிச்சம் இருந்துச்சு."

"கல்யாணக் கோட்டு எடுக்கப் போறப்ப சொல்லி அனுப்புங்க, நானும் வரேன்" என்றாள் பெய்லா. "காலரைப் பிரிச்சுப் பாத்துட்டுத்தான் வாங்கணும். துவண்டு கிடந்தா கிடக்கட்டும்."

அவன் கை கழுத்துக்குப் போயிற்று. "கொஞ்சமா நிமித்திக்கலாமா?"

"பருத்தி வெச்சு" என்றாள் அவள்.

ஹெனோக் தலையாட்டிவிட்டு, மேசைத்துணியின் ஓரம் படியில் படாமல் லேசாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மாடி ஏறினான்.