சோப்பு வைத்து அடைத்த அடுப்பு

என் நாட்குறிப்பில் 1956 டிசம்பர் 23, ஞாயிறு: ‘புது பம்பு அடுப்பில் மண்ணெண்ணெய் கசிவு. சோப்பு வைத்து அடைத்தேன்.’

கிறிஸ்துமஸ் நெரிசலில் கடைக்குத் திருப்பிக் கொண்டுபோகப் பொழுதில்லை. அண்டை வீடுகளுக்கெல்லாம் பலகாரம் அனுப்பியாக வேண்டும்.

“அடுப்பையுமா குளிப்பாட்டுறீங்க?” என்று என் மனைவி சிரித்தாள்.

அதிரசம் பாதி சுட்டிருந்தபோது சோப்பு சூட்டில் உருகி, அடுப்பு குப்பென்று பற்றி, தீ அவள் முகத்திலும் கையிலும் பாய்ந்தது. ஈரச் சாக்கை அவள்மேல் போட்டுத் தீயை அணைத்தேன். “கண்ணு தெரியலைங்களே!” என்று அலறினாள். ஆஸ்பத்திரியில் கட்டுப் பிரிக்கும்வரை ஒன்பது நாள் நான் உறங்கவில்லை. பார்வை பிழைத்தது, அவளுடைய வலது கைவிரல்கள்தான் இன்னும் மடங்கவில்லை.

இப்போது எந்தப் புது அடுப்பையும் முற்றத்தில் ஒரு நாள் முழுக்க எரித்துப் பார்க்காமல் வீட்டுக்குள் கொண்டுவருவதில்லை.

அப்போது கடையில் போய்ச் சொன்னபோது கடைக்காரர், “அதே பெட்டியில வந்த இன்னொண்ண போலகத்துக்காரர் ஒருத்தர் வாங்கிட்டுப் போனாருங்க. பேரு தெரியாது” என்றார். போலகத்தில் இருமுறை வீடு வீடாக விசாரித்தேன். அது யார் வீட்டில் எரிகிறது, அதுவும் கசிகிறதா என்பதை இதுவரை உறுதிசெய்ய முடியவில்லை.