கழுவி வைத்த தட்டச்சுப் பொறி

ஓடுகிற பொறி வீட்டில் இருக்கலாம், ஓடாதது பழைய இரும்புக் கடைக்குப் போய்விட வேண்டும் என்பது அம்மா விதித்த நிபந்தனை. அது நியாயமானது என்றே இன்றும் எண்ணுகிறேன். அண்ணனுக்குத் தை மாதத்தில் திருமணம் நிச்சயமாகியிருந்தது. கம்பைநல்லூரை அடுத்து, வயல்களுக்கு நடுவே இருக்கும் எங்கள் வீட்டில் கூடத்தைத் தவிர்த்தால் அறைகள் இரண்டுதான். அவற்றுள் ஒன்றில் பாதி இடத்தை என் தட்டச்சுப் பொறிகளும் கழற்றிய உதிரிகளும் அடைத்துக்கொண்டிருந்தன. தீபாவளி கழிந்ததும் அந்த அறைக்கு வண்ணம் பூச ஆள் வருவதாக ஏற்பாடு.

இரண்டு ஆங்கிலப் பொறிகளும் ஒரு தமிழ்ப் பொறியும் என்னிடம் இருந்தன. ஆங்கிலப் பொறிகள் போவதில் எனக்கு வருத்தமில்லை. அவற்றைப் பிரித்துப் பிரித்தே பழுது நீக்கும் வேலையைப் பழகினேன். மீண்டும் பூட்ட முடியாத நிலையை அவை எப்போதோ எட்டிவிட்டன. தமிழ்ப் பொறியை மட்டும் இழக்க மனமில்லை. கையில் தூக்கிச் செல்லத்தக்க சிறிய வகை அது. தருமபுரியில் ஒரு பழைய இரும்புக் கடையில், தண்ணீர் மோட்டார்களின் அடியில் கிடந்தது. கடைக்காரர் அதைக் காலால் நகர்த்திக் காட்டினார்.

"இது தமிழு பாப்பா. ஆரும் கேக்க மாட்டாங்க. ஒடைச்சுப் போட்டறலாம்னு இருந்தேன்."

"ஒடைக்காதீங்க பாய். நான் எடுத்துக்கறேன்."

"எடுத்துட்டுப் போயி என்னா பண்ணுவ? கலெக்டராபீசு வாசல்ல குந்தி மனு அடிப்பியா?"

கடையிலிருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் காட்டிக்கொள்ளவில்லை.

பொறிக்குள் குளவி மண்கூடு கட்டியிருந்தது. அதைக் கரைக்காமல், உதிர்க்காமல், ஊசியால் சிறிது சிறிதாகப் பெயர்த்தெடுத்தேன். எழுத்துத் தண்டுகள் ஒவ்வொன்றும் ஒரு மெல்லிய பள்ளத்துக்குள் நின்று எழுந்து விழுகின்றன. அந்தப் பள்ளங்களில் ஒட்டிய பழைய பிசினைப் பெட்ரோலும் பல் தூரிகையும் கொண்டு போக்க வேண்டும். போக்கியபின் அங்கே எண்ணெய் ஒரு சொட்டும் விடக்கூடாது. எண்ணெய் தூசியை ஈர்க்கும், தூசி பிசினாகும், தண்டு எழும்பாது. உலர்ந்திருப்பதே அதன் ஆரோக்கியம். காகிதம் சுற்றும் உருளையை இடப்பக்கம் இழுக்கும் கயிறு அறுந்து போயிருந்தது. ஏரியூரிலிருந்து வரும் வகுப்புத்தோழி ஒருத்தி, காவிரியில் மீன் பிடிப்பவர்களிடம் தூண்டில் நரம்பு வாங்கிவந்து கொடுத்தாள். அதைக் கட்டியதும் உருளை முதன்முறையாகத் தானே நகர்ந்தது.

மை நாடா இல்லாததால் கரித்தாளை இடையில் வைத்து அடித்துப் பார்த்தேன். கையால் எழுதும்போது நாம் கடைசியில் இடும் புள்ளியை இந்தப் பொறியில் முதலில் இட வேண்டும். புள்ளிக்குரிய விசையை அழுத்தினால் உருளை நகராது, எழுத்துக்காகக் காத்து நிற்கும். அதன்பின் எழுத்து வந்து புள்ளியின் கீழ் அமரும். அந்த இடைவெளி எனக்கு மிகவும் பிடித்திருந்தது. நான் அதிகம் பேசுகிறவள் அல்லள். வகுப்பில் ஒரு கருத்தைச் சொல்ல வாய் திறப்பதற்குள் விவாதம் வேறிடம் போய்விடும். இந்தப் பொறி நான் யோசித்து முடிக்கும்வரை நின்றது.

ஆயுத பூசையன்று காலை, நாடா வாங்கத் தருமபுரிக்குப் போனேன். அங்கே தட்டச்சுப் பயிலகம் நடத்தும் அம்மையார் பூசைக்கு வரும்படியும் அழைத்திருந்தார். அங்கே பொறிகள் எல்லாவற்றையும் துணியால் மூடி, மேசைக் கால்களில் மட்டும் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார்கள். பொரி, கடலை, வாழைப்பழம் தந்தார்கள். நாடாவைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்துவிட்டு அவர் சொன்னார்:

"இன்னிக்கு மாட்டாதம்மா. பூசையில வெச்சத எடுக்கக்கூடாது. நாளைக்கு விசயதசமி. காலையில மாட்டி மொத வரிய அடி."

பேருந்தில் வரும்போது அந்த முதல் வரி எதுவாக இருக்க வேண்டும் என்று யோசித்தேன். ஊர் நிறுத்தம் வரும்வரை ஒன்றும் முடிவாகவில்லை.

வீட்டு வாசலில் டிராக்டர், அண்ணனின் இருசக்கர வண்டி, மருந்து தெளிப்பான், மண்வெட்டிகள் எல்லாம் கழுவப்பட்டு, மாலையிட்டு வரிசையாக நின்றன. வரிசையின் கடைசியில் ஒரு மனைப்பலகை. அதன்மேல் வாழையிலை. அதன்மேல் என் பொறி. ஒவ்வொரு விசையிலும் ஒரு சந்தனப் பொட்டு, அதன் நடுவில் குங்குமம். எழுத்துத் தண்டுகளின் மேல் சாமந்திச் சரம். பொறியின் அடியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"கழுவுனீங்களா?" என்று கேட்டேன்.

அண்ணன் பெருமையாகத்தான் சொன்னான்: "பின்ன? மோட்டாரப் போட்டு பைப்புலயே அடிச்சுட்டேன். அதுக்குள்ள எவ்ளோ அழுக்கு தெரியுமா? டிராக்டருக்குப் போட்ட ஆயிலு மிச்சம் இருந்துச்சு, உள்ளார பூரா ஊத்தி வெச்சிருக்கறன். இனிமே துருவே புடிக்காது பாரு."

நான் குனிந்து பொறியின் உள்ளே பார்த்தேன்.

"என்னா மூஞ்சிய இப்படி வெச்சிருக்கற? என் வண்டிய விட உன் மிசினுக்குத்தான் நேரம் ஆச்சு. கை வலிக்குது."

அம்மா கற்பூரத் தட்டுடன் வந்தாள். "மத்த ரெண்டும் ஒடஞ்சு கெடக்குது, வுட்டுட்டோம். ஓட வேண்டியது இதுதான? இத அழுக்கோட பூசையில வெச்சா எப்படி ஓடும்? பூசணிக்காயி சுத்தறப்ப இதுக்கும் சேத்துத்தான் சுத்துனேன்."

"ஒரு நிமிசம் எடுத்துத் தொடச்சுட்டு வெச்சறேம்மா. உள்ள தண்ணி நிக்குது."

"அதெல்லாம் எடுக்கக்கூடாது புள்ள. தீபம் காட்டியாச்சு. இன்னிக்கு எடுத்தா வருசம் பூரா ஓடாது."

எங்கள் வீட்டில் அன்று எந்தக் கருவியையும் தொடுவதில்லை. மண்வெட்டியைத் தொட மாட்டார்கள், அரிவாள்மனையைக்கூடச் சாமி முன் வைத்துவிடுவதால் காய் நறுக்கும் வேலை முந்தின நாளே முடிந்துவிடும். என் பாடப் புத்தகங்களும் உள்ளே விளக்கின் முன் அடுக்கப்பட்டிருந்தன. ஒருவர் செய்த தவறாக இருந்திருந்தால் சண்டை போட்டிருப்பேன். அங்கே தவறு என்று சுட்ட ஒன்றும் இல்லை. அவர்கள் செய்தது அனைத்தும் டிராக்டருக்குச் சரியானது. பெட்ரோலால் துடைத்துத் துடைத்து வெறுமையாக்கிய இரும்பு எவ்வளவு விரைவில் துருப்பிடிக்கும் என்பதை அவர்களிடம் நான் சொன்னதே இல்லை. அவர்கள் கேட்டதும் இல்லை. அன்று மாலை மழைத் தூறல் விழுந்தது. அண்ணன் டிராக்டரை விட்டுவிட்டு, மனைப்பலகையோடு பொறியைத் தூக்கி உள்ளே வைத்தான். பலகையைத்தான் தொட்டேன், பொறியைத் தொடவில்லை என்று அம்மாவிடம் விளக்கமும் கொடுத்தான்.

விசயதசமி காலையில், தீபம் காட்டி முடித்ததும் அம்மாவே கூப்பிட்டாள். "எடுத்துக்க. மொதல்ல புள்ளையார் சுழி போட்டு அடி."

நாடாவை மாட்டினேன். ஒரு விசையை அழுத்தினேன். தண்டு பாதி எழுந்து நின்றுவிட்டது. அம்மாவும் அண்ணனும் அருகில் நின்றிருந்தார்கள். இன்னொன்றை அழுத்தினேன். அது எழவே இல்லை. கறுத்த எண்ணெயில் சந்தனமும் குங்குமமும் குழைந்து, அந்த மெல்லிய பள்ளங்கள் யாவற்றையும் நிரப்பியிருந்தன.

"புதுசா ஆயிலு போட்டா மொதல்ல அப்படித்தான் இருக்கும். ஓட்ட ஓட்டச் சரியாயிரும்," என்றான் அண்ணன்.

தீபாவளி வரை கல்லூரி முடிந்து வந்ததும் அதனோடுதான் உட்கார்ந்தேன். பெட்ரோல் ஊற்றித் தேய்த்தால் தண்டுகள் ஒரு பிற்பகல் முழுதும் இயங்கும். மறுநாள் காலையில் மீண்டும் இறுகும். பள்ளங்களின் சுவர்களில் செந்நிறமாகத் துரு பொரிந்திருந்தது. அதையும் ஊசியால் சுரண்டினேன். பெரும்பாலான எழுத்துகள் எழுந்த ஒரு நாளில், உருளையை இழுக்கும் சுருள்வில்லை முறுக்கிப் பார்த்தேன். அந்த வில் மூடிய உலோக டப்பிக்குள் இருக்கிறது. அதற்குள் புகுந்த தண்ணீர் வெளியேற வழியில்லை. இரண்டாம் சுற்றில் உள்ளே ஏதோ முறிந்தது. ஓசை பெரிதாக இல்லை. வில்லை முறுக்கும் பிடி எதிர்ப்பின்றிச் சுழலத் தொடங்கியபோதுதான் நடந்தது புரிந்தது.

பயிலகத்து அம்மையாரிடம் கைப்பேசியில் கேட்டேன். பெரிய பொறிகளின் வில் இதில் பொருந்தாது, சிறியவற்றுக்குத் தனியாகக் கிடைப்பதில்லை என்றார். பிறகு, "வேற ஒண்ணு கெடைச்சா வாங்கிக்கம்மா," என்றார். தமிழில் வேறொன்று கிடைக்காது என்பது அவருக்கும் தெரியும்.

வண்ணம் பூசுகிறவர் வருவதற்கு முந்தின நாள், ஆங்கிலப் பொறிகளைச் சாக்கில் கட்டினேன். தமிழ்ப் பொறியையும் அதில் வைக்கப் போனபோது அம்மா வந்து நின்றாள்.

"அதுவுமா?"

"ஓடாதும்மா."

"பூசைக்கு முன்ன ஓடுச்சா?"

பொய் சொல்லியிருக்கலாம். "ஓடுச்சு," என்றேன்.

அம்மா சாக்கைப் பார்த்தாள். பிறகு பொறியை இரு கைகளாலும் தூக்கிக்கொண்டு போய், கூடத்தில் கண்ணாடி வைத்த அலமாரியின் நடுத்தட்டில், எவர்சில்வர் குடத்துக்கும் அண்ணனின் கபடிக் கோப்பைக்கும் இடையில் வைத்தாள். எழுதுவதற்காக ஒன்றைச் செப்பனிட்டவளுக்கு அது காட்சிக்கு நிற்பதைப் பார்ப்பது, சாக்கில் போவதைப் பார்ப்பதைவிடக் கடினமாக இருந்தது. தினமும் சாப்பிட உட்காரும் இடத்திலிருந்து அது தெரியும்.

கார்த்திகையில் பெண் வீட்டார் எங்கள் வீட்டைப் பார்க்க வந்தார்கள். மணப்பெண்ணின் அத்தை அலமாரியின் முன் நின்று, "இது ஓடுமுங்களா?" என்று கேட்டார்.

"ஓடுமுங்க. எங்க பாப்பாதான் அடிப்பா. தமிழு எம்.ஏ. படிக்கறா இல்லீங்களா?" என்றாள் அம்மா.

அவர் கண்ணாடிக் கதவை நகர்த்தி ஒரு விசையை விரலால் அழுத்தினார். அது உள்ளே போயிற்று, திரும்பி வரவில்லை. அவர் விரலை எடுத்துக்கொண்டு அம்மாவைப் பார்த்தார்.

"கொஞ்சம் மெதுவா வருமுங்க," என்றாள் அம்மா, என் பக்கம் திரும்பாமல்.

நான் காப்பித் தம்ளர்களை எடுத்துவர உள்ளே போனேன்.