பதினேழாம் கொக்கி

எங்கள் காலேஜ் டூல் ரூம் சுவரில் ஒரு மரப்பலகை இருக்கிறது. அதில் எண்பது கொக்கிகள். கொக்கிக்கு ஒரு பித்தளை வில்லை. ஒரு பக்கம் மட்டும் எண் அடித்திருக்கும், மறுபக்கம் வழவழவென்று இருக்கும். ஒர்க்‌ஷாப்பில் வேலை செய்ய வரும் பெண்களுக்கு ஆளுக்கொரு வில்லை கொடுப்பேன். அரமோ சுத்தியலோ வேண்டுமென்றால் வில்லையை என்னிடம் கொடுத்துவிட்டு வாங்கிப் போகவேண்டும், சாமானைத் திருப்பிக் கொடுத்தால் வில்லையும் திரும்பிவிடும். படிப்பு முடிந்து போகும்போது வில்லையை ஒப்படைத்தால்தான் அவர்கள் நோ டியூ தாளில் நான் கையெழுத்துப் போடுவேன். ஆகவே ஒவ்வொரு கொக்கியிலும் ஒன்று வில்லை தொங்கவேண்டும், இல்லாவிட்டால் அதை வைத்திருக்கும் பெண்ணின் பெயர்ச்சீட்டு தொங்கவேண்டும். போன வாரம் வரை பதினேழாம் கொக்கி மட்டும் இரண்டும் இல்லாமல் இருந்தது.

வருடத்துக்கு ஒருமுறை ஸ்டாக் பார்க்க வேறு டிபார்ட்மென்டிலிருந்து ஒரு சார் வருவார். "பதினேழு எங்கம்மா?" என்பார். "தொலைஞ்சுபோச்சு சார்" என்பேன். தொலையவில்லை என்று எனக்குத் தெரியும்.

என் பயத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மீதி விளங்காது. பீர்க்கன்கரணையில் வீடு. காலையில் பூட்டிவிட்டு இறங்கினால், தெருமுனையிலிருந்து திரும்பிப்போய் பூட்டை இழுத்துப் பார்ப்பேன். ஒருநாள் வண்டலூர் வரை போய்விட்டு கேஸை மூடினோமா என்று திரும்பி வந்திருக்கிறேன். ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டதும் அப்படித்தான். வீட்டில் யாரும் நிறுத்தவில்லை. பத்தாவது பரீட்சையில் கணக்கு வருமே, வருமே என்று நினைத்து நினைத்து, ஜூன் மாதம் பள்ளி திறந்த அன்று வயிற்றுவலி என்று படுத்துக்கொண்டேன். அந்த வயிற்றுவலி தீரவே இல்லை. அப்படிப்பட்டவள் பிறகு எப்படியோ ஒரு இன்ஜினீயரிங் காலேஜில் டூல் ரூம் அட்டெண்டர் ஆனேன்.

எங்கள் காலேஜில் பெண்களுக்கென்று ஒரு பொறியியல் மன்றம் உண்டு. கிளப் என்பார்கள். வகுப்பு நேரத்தில் லேத் மிஷினைச் சுற்றிப் பையன்கள் நின்றுவிடுவார்கள், பெண்கள் பின்னால் நின்று நோட்டில் குறித்துக்கொள்வதோடு சரி. அதனால் சாயங்காலம் நாலரையிலிருந்து ஆறு வரை ஒர்க்‌ஷாப் கிளப் பெண்களுக்கு மட்டும். அந்த ஒன்றரை மணி நேரம் எனக்குப் பிடித்தமானது. துப்பட்டாவை இடுப்பில் இறுக்கி முடிந்துகொண்டு, வளையல்களைக் கழற்றி என் மேஜைமேல் வைத்துவிட்டுப் போவார்கள். பிறகு உள்ளே இரும்புச் சத்தமும் சிரிப்புச் சத்தமுமாக இருக்கும்.

ஆனால் அந்த நேரத்துக்கு விடுதிப் பெண்கள்தான் இருக்க முடியும். காலேஜ் பஸ்கள் நாலு பத்துக்குக் கிளம்பிவிடும். பஸ்ஸில் வரும் பெண்கள் பேருக்கு கிளப்பில் இருந்தார்கள், வில்லையும் வாங்கி வைத்திருந்தார்கள். அந்த வில்லை ஒரு சுத்தியலுக்குக்கூட மாறினதில்லை. கிளப்பின் தலைவியும் எப்போதும் விடுதியிலிருந்துதான் வருவாள். அது இயற்கை என்றே எல்லாரும் நினைத்தோம்.

அப்போதுதான் கூடுவாஞ்சேரி பஸ்ஸில் வரும், மூன்றாம் வருடத்தில் புதிதாக நுழைந்திருந்த ஒரு பெண் தலைவி பதவிக்கு நின்றாள். ஒல்லியான பெண், கண்ணாடி போட்டவள், பேசும்போது ஐடி கார்டின் கயிற்றை விரலில் சுற்றிக்கொண்டே இருப்பாள். எண் பதினேழு. காலேஜ் பஸ்ஸில் போய் காலேஜ் பஸ்ஸில் வருவதென்றால் படி, இல்லையென்றால் வேண்டாம் என்பது அவள் அப்பாவின் கட்டளை. அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று: தலைவியானால் கிளப் நேரத்தில் பாதியை மத்தியான இடைவேளைக்கு, பன்னிரண்டு நாற்பதுக்கு, மாற்றிவிடவேண்டும். பஸ் பெண்களும் ஒருமுறையாவது மிஷினில் கைவைக்கவேண்டும்.

எதிரே நின்றவள் விடுதிப் பெண். கெட்டிக்காரி, வெல்டிங்கில் அவள் கை படிந்தமாதிரி யாருக்கும் படியாது. அவள் தோழிகள்தான் வாய்த்துடுக்கு. "பஸ்ஸப் புடிக்க ஓடறவ கிளப்ப எப்டிடீ புடிப்பா?" என்று என் ஜன்னலுக்கு முன்னாலேயே சிரித்தார்கள். ஓட்டு நாளில் மட்டும் பஸ் பெண்களுக்காக மூன்றரைக்கே எல்லாரும் கூடுவார்கள், ஓட்டுக்கு முன்னால் இரண்டு பேரும் பேசவேண்டும் என்பது வழக்கம். ஒர்க்பெஞ்சின் ஓரத்தில் நின்றுகொண்டு எங்கள் பெண் பேசினாள். எங்கள் பெண் என்று எழுதிவிட்டேன். அட்டெண்டருக்கு எல்லாரும் ஒன்றுதான், ஆனால் மனசு கேட்கவில்லை.

"நாலு பத்துக்கு எங்க பஸ் கெளம்புது. நாலரைக்கு உங்க கிளப் ஆரம்பிக்குது. நடுவுல இருக்கற இருபது நிமிஷத்துலதான் நாங்க இன்ஜினீயர் ஆகணும்."

யாரும் கைதட்டவில்லை. ஆனால் சிரித்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள்.

எங்கள் கிளப்பில் ஓட்டுச்சீட்டு கிடையாது. டூல் ரூமுக்குள் அலமாரிக்குப் பின்னால் இரண்டு பழைய கிரீஸ் டப்பாக்களைக் கழுவி வைத்திருப்போம். ஒன்றுக்குச் சிவப்புத் துணி, ஒன்றுக்கு நீலம். ஒவ்வொருத்தியாக உள்ளே போய் தன் வில்லையைத் தனக்கு வேண்டியவள் டப்பாவில் போட்டுவிட்டு வருவாள். எண்ணுவது நான். எண் அடித்த பக்கம் கீழே இருக்கும்படி கவிழ்த்து வைத்து எண்ணவேண்டும், நிமிர்த்திப் பார்க்கக்கூடாது. எண்ணி முடித்ததும் இரண்டு டப்பாவையும் ஒரே தட்டில் கொட்டிவிடுவோம். அவரவர் வில்லையை அவரவர் பொறுக்கிக்கொள்வார்கள். யார் யாருக்குப் போட்டார்கள் என்பது அந்தத் தட்டோடு போய்விடும். "அக்காகிட்ட குடுத்தா போதும், பாக்கவே மாட்டாங்க, பயந்தவங்க" என்று முன்பிருந்த ஒரு தலைவி, கிளப்பைப் பார்த்துக்கொள்ளும் மேடத்திடம் சொன்னாளாம். என் வாழ்க்கையில் பயத்துக்காக எனக்குக் கிடைத்த ஒரே மரியாதை அது.

இன்னொரு வழக்கமும் உண்டு. தலைவிக்கு நிற்கிற இரண்டு பேரும் முதலில் கை குலுக்கிக்கொள்வார்கள். பிறகு தன் வில்லையைத் தனக்குப் போட்டுக்கொள்ளாமல் எதிராளி டப்பாவில் போடவேண்டும். யாரும் உள்ளே வந்து பார்க்கப்போவதில்லை. கொடுத்த வார்த்தைதான்.

அன்று அறுபத்தொரு வில்லைகள் விழுந்தன. கதவைச் சாத்திக்கொண்டு எண்ணினேன். சிவப்பு, விடுதிப் பெண்ணுடையது, முப்பத்தொன்று. நீலம், எங்கள் பெண்ணுடையது, முப்பது. நான்தானே எண்ணியது, தப்பாகத்தான் இருக்கும் என்று மறுபடி எண்ணினேன். அதேதான். மூன்றாம் முறை சிவப்பை எண்ணும்போது ஒரு வில்லை கை நழுவிக் கீழே விழுந்து, உருண்டு ஓடி, மேஜைக்காலில் முட்டி மல்லாந்தது. குனிந்தேன். பதினேழு.

அவள் வார்த்தையைக் காப்பாற்றியிருந்தாள். எதிராளிக்குப் போட்டு, அந்த ஒரே வில்லையில் தோற்றிருந்தாள்.

அந்த வில்லையைக் கையில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. அதை நீல டப்பாவில் போட்டால் முப்பதும் முப்பத்தொன்றும். அவள்தான் தலைவி. அவள் வில்லைதானே, அவளுக்கே போனால் என்ன? இரண்டு நிமிடத்தில் எல்லாம் ஒரு தட்டில் கலந்துவிடும், கடவுளுக்கும் எனக்கும் தவிர யாருக்குத் தெரியும்? அப்புறம் இன்னொன்று தோன்றியது. விடுதிப் பெண்ணின் எண் நாற்பத்திரண்டு. அவளும் வார்த்தையைக் காப்பாற்றியிருந்தால் அது நீலத்தில் இருக்கவேண்டும். அப்படியானால் ஒன்றுக்கு ஒன்று சரியாகிவிட்டது, இந்தத் தோல்வி நியாயமான தோல்வி. சிவப்பில் இருந்தால் அது பறித்துக்கொண்ட வெற்றி. நீலத்தின் முப்பது வில்லைகளை நிமிர்த்தினால் தெரிந்துவிடும். நிமிர்த்தவில்லை. தெரிந்துவிட்டால் சொல்லவேண்டி வருமே, சொன்னால் நான் பார்த்தது தெரிந்துவிடுமே என்று பயந்தேன். வெளியே யாரோ கதவைத் தட்டி, "அக்கா, தூங்கிட்டீங்களா? பஸ்ஸு போயிரும்கா!" என்றாள். பதினேழை அது விழுந்த டப்பாவிலேயே போட்டேன். இரண்டையும் தட்டில் கொட்டினேன். கதவைத் திறந்தேன்.

எங்கள் பெண் அழவில்லை. விடுதிப் பெண்ணின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு, தட்டில் தன் வில்லையைத் தேடி எடுத்து ஐடி கார்டின் உறைக்குள் செருகிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினாள். அன்று காலையில் டிரைவர் அண்ணன் விளையாட்டாக அவளைத் தலைவி என்று கூப்பிட்டிருக்கிறார். அதற்குப் பிறகும் நிறுத்தவில்லை. சாயங்காலம் கேட் பக்கம் போனால், "தலைவி ஏறிட்டாங்களா? ரைட் போலாம்" என்ற குரல் கேட்கும். கேட்டதும் நான் வந்த வழியே திரும்பிவிடுவேன்.

ஒரு வாரம் கழித்து மத்தியானம் என் ஜன்னலுக்கு வந்தாள். நான் டிபன் பாக்ஸைத் திறந்திருந்தேன். "அக்கா, பதவி இல்லாட்டி போவுது. சாவி உங்ககிட்டதான இருக்கு? மத்தியானம் அரைமணி நேரம் தொறந்துவிடுங்களேன். மிஷின் வேணாம். வைஸ்ல இரும்பக் கவ்வ வச்சு அரத்தால ஃபைலிங் மட்டும் பண்றோம். ஏழெட்டு பேர்தான்" என்றாள்.

"ஒர்க்‌ஷாப் சாருக்குத் தெரிஞ்சா அவ்ளோதான்மா. கையில கிய்யில அடிபட்டா யாரு பதில் சொல்றது? வாணாம்மா."

"சாரக் கேட்டுப் பாருங்கக்கா."

"கேக்கறேன்" என்றேன். கேட்கவில்லை. அவளைத் தூரத்தில் பார்த்தாலே கம்பி ஜன்னலை விட்டு உள்ளே போய் எதையாவது துடைக்க ஆரம்பித்துவிடுவேன். மூன்று நான்கு முறை வந்து பார்த்தாள். பிறகு வரவில்லை. விடுதிப் பெண் கிளப்பை நன்றாகத்தான் நடத்தினாள், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் எல்லாம் நாலரைக்கு.

இரண்டு வருடம் கழித்து, கடைசி வருடப் பெண்கள் நோ டியூ தாளோடு வரிசையில் நின்றார்கள். கடைசியாக அவள். வில்லையை ஜன்னலுக்குள் வைத்தாள். இரண்டு வருடமாக என்னை அரித்துக்கொண்டிருந்தது எப்படி வாய்க்கு வந்ததோ, "உன் நம்பரப் பாத்துட்டேன்மா அன்னைக்கி. செவப்புல இருந்துச்சு" என்றேன்.

கயிற்றை விரலில் சுற்றினாள். "அவ நம்பர்?"

"பாக்கல. பயந்துட்டேன்."

"நல்லதாப் போச்சு. பாத்து சொல்லியிருந்தீங்கன்னா ரெண்டு வருஷம் அவ மூஞ்சிய எப்டி பாத்திருப்பேன்?" என்று சிரித்தாள். சிரித்துவிட்டுச் சற்று நேரம் உள்ளே, காலியாகக் கிடந்த வைஸ்களைப் பார்த்தாள். "ஓட்டு கெடக்குதுக்கா. அதுல தோக்கறது ஜெயிக்கிறது உண்டு. மத்தியானம் கதவத் தொறங்கன்னு கேட்டேன் பாருங்க, அதுக்கு யாரும் ஓட்டு போட வேண்டியதில்ல. நீங்க மட்டும் போதும்."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை.

தாளில் கையெழுத்துப் போட்டேன். பிறகு வில்லையை ஜன்னல் வழியாக அவள் பக்கமே தள்ளினேன். "எடுத்துக்கோ." அவள் திகைத்து, "உங்களக் கேப்பாங்களேக்கா?" என்றாள். "கேப்பாங்க" என்றேன். நாலு வருடத்தில் ஒரு அரத்துக்குக்கூட மாறாத வில்லை. அதை எடுத்து, அதே உறைக்குள் வைத்துக்கொண்டு போனாள். ஒப்படைத்ததாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு, ஒப்படைத்ததை நானே திருப்பிக் கொடுத்தேன். நான் துணிந்து செய்த ஒரே தப்பு அது.

மறுவாரம் ஒர்க்‌ஷாப் சார் அறை வாசலில் போய் நின்றேன். மத்தியான விஷயத்தைத் திக்கித் திக்கிச் சொன்னேன். சார் தாளிலிருந்து தலையைத் தூக்காமலே, "தொறந்துவுடும்மா. மிஷின் போடற அன்னைக்கி இன்ஸ்ட்ரக்டர இருக்கச் சொல்றேன். இதுக்கு ஏம்மா இவ்ளோ இழுக்கற?" என்றார். அரை நிமிடம்கூட ஆகவில்லை. இரண்டு வருடமாக நான் பயந்துகொண்டிருந்தது அந்த அரை நிமிடத்துக்குத்தான். வராண்டாவுக்கு வந்தேன். சந்தோஷம் வரவில்லை. அந்த அரை நிமிடத்தை அவள் இங்கே இருந்தபோது செலவழித்திருக்கலாமே என்றுதான் இருந்தது.

இது நாலாவது வருடம். மத்தியானம் பதினைந்து இருபது பஸ் பெண்கள் வருகிறார்கள். நான் பன்னிரண்டு மணிக்கே சாப்பிட்டுவிடுகிறேன். அவள் எங்கே வேலை செய்கிறாள் என்று எனக்குத் தெரியாது. விசாரித்தால் தெரியும். அதற்கு இன்னும் தைரியம் வரவில்லை. நாற்பத்திரண்டு எந்த டப்பாவில் இருந்தது என்பதும் தெரியாது. இப்போது அதைப் பற்றி அவ்வளவாக நினைப்பதில்லை.

போன வாரம் ஸ்டாக் பார்க்க ஒரு புது சார் வந்தார். சின்ன வயசு. பலகையை விரலால் தடவிக்கொண்டே வந்தவர் நின்றார். "பதினேழு எங்கம்மா? தொலைஞ்சுபோச்சா?"

அவரே பதிலை எடுத்துக் கொடுத்தார். தலையை ஆட்டினால் போதும்.

"தொலையல சார். குடுத்துட்டேன்."

"யாருக்கு?"

"இங்க படிச்ச பொண்ணு ஒண்ணுக்கு. கிளப்பு எலெக்‌ஷன்ல தலைவிக்கு நின்னுச்சு."

அவர் என்னைப் பார்த்தார். நான் கண்ணைத் தாழ்த்தவில்லை என்று எழுத ஆசைதான். தாழ்த்தினேன். ஆனால் சொன்னதை மாற்றிச் சொல்லவில்லை. "சரி, அப்ப அவங்க பேர எழுதி மாட்டி வைங்க" என்று சொல்லிவிட்டுப் பதினெட்டுக்குப் போய்விட்டார்.

ஒரு சீட்டை வெட்டி, ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துப் பார்த்து அவள் பெயரை எழுதினேன். எழுத்துக்கூட்டி எழுதினதை இரண்டு முறை சரிபார்த்தேன், பழக்கதோஷம். கொக்கியில் மாட்டும்போது ஜன்னல் கம்பியில் யாரோ டிபன் பாக்ஸால் தட்டினார்கள்.

"அக்கா, பன்னெண்டு நாப்பது ஆச்சு."

"வரேன் வரேன்" என்று சாவியை எடுத்தேன்.