லயத்தின் பின்னால் இறக்கிய சாய்ப்பு

அப்போது இலங்கையில் யட்டியாந்தோட்டைப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் கணக்கப்பிள்ளை. தோட்டத்து மேலாளரான துரையின் உத்தரவில்லாமல், தொழிலாளர்களின் ஒற்றை அறை வரிசை வீடுகளான லயத்தோடு ஒட்டி ஒரு கம்புகூட நடக்கூடாது.

ரப்பர் மரத்தில் பால்வெட்டும் லெட்சுமி, இருமல் நோயில் கிடந்த புருஷனைப் பிள்ளைகளிடமிருந்து விலக்கிப் படுக்கவைக்க, லயத்தின் பின்சுவரோடு சரிவாகக் கூரை போட்டு ஒரு சாய்ப்பு இறக்க அனுமதி கேட்டாள்.

"கட்டிக்க, தொரகிட்ட நான் சொல்லிக்கிறேன்" என்றேன். சொல்ல மறந்துவிட்டேன்.

ஒரு வாரத்தில் துரை அதைப் பார்த்துவிட்டார். "யாரு உத்தரவு குடுத்தது?" என்று லெட்சுமியை வைத்துக்கொண்டே என்னைக் கேட்டார்.

"எனக்குத் தெரியாதுங்க" என்றேன்.

லெட்சுமி என்னையே பார்த்தாள். பிறகு, "யாரையும் கேக்கலீங்க தொர, நாங்களாத்தான் கட்டுனோம்" என்றாள்.

சாய்ப்பைப் பிரித்துப் போட்டார்கள். நோயாளி பிள்ளைகளோடு அதே ஒற்றை அறைக்குத் திரும்பினான். அந்த மழைக்காலத்திலேயே இறந்தான். அடுத்து இளைய மகள் இருமத் தொடங்கினாள்.

லெட்சுமி என்னைக் காட்டிக்கொடுக்காததைப் பெருந்தன்மை என்றே பல வருஷம் நினைத்திருந்தேன். மறுநாள் அவளுக்கு வேலை கொடுக்க வேண்டியவன் நான்தான் என்பது பிறகுதான் உறைத்தது.